மருத்துவத்தில் கூட்டு முனைவர் பட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.டி. முடித்துவிட்டு ஆராய்ச்சிப் பக்கம் போக நினைப்பவர்களும், நுண்ணுயிரியலோ மருந்தியலோ படித்துவிட்டு மருத்துவ ஆய்வகங்களில் வேலை பார்ப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாமே இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, ஒரே ஆய்வுக்கு வழங்கும் முனைவர் பட்டத்தைப் பற்றியவை. நானும் இந்த வழியில் நடந்து வந்தவன்தான். எங்கே கால் இடறும் என்று தெரிந்ததால், அந்த இடங்களில் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன்.

கூட்டு முனைவர் பட்டம் என்றால் என்ன? வெளிநாட்டில் போய் பிஎச்.டி. படிப்பதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. வெளிநாட்டில் பிஎச்.டி. படித்தால் உங்களுக்கு ஒரு பல்கலைக்கழகம், அதன் விதிகள், அதன் பட்டம். இடையில் ஆறு மாதம் வேறு நாட்டு ஆய்வகத்தில் வேலை செய்துவிட்டு வந்தாலும் பட்டத்தில் அந்த நாட்டின் பெயர் வராது. கூட்டுப் பட்டத்தில் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் உங்கள் பெயர் பதிவாகியிருக்கும். இரண்டு இடத்திலும் ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் (கைடு) உண்டு. ஆய்வேடு (தீசிஸ்) ஒன்று, அதை ஆதரித்துப் பேசும் வாய்மொழித் தேர்வும் பெரும்பாலும் ஒன்றே. இரண்டு பல்கலைக்கழகமும் அந்த ஒரு தேர்வை ஏற்றுக்கொண்டு பட்டம் தரும்.

பிரான்ஸில் இதற்கு 'கோட்யூடெல்' என்று பெயர். இரண்டு பேர் சேர்ந்து பொறுப்பேற்று ஒருவரை வளர்ப்பது என்ற பொருள் அதில் இருக்கிறது. அங்கே இதற்குச் சட்டமே உண்டு. இப்போது நடப்பில் இருப்பது 2016 மே 25-இல் வந்த அரசாணை, 2022-இல் திருத்தப்பட்டது. சுவீடனில் 2010 முதல் பல்கலைக்கழகங்கள் கூட்டுப் பட்டம் வழங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

சான்றிதழ் ஒன்றா, இரண்டா?

இரண்டு வகையும் உண்டு. ஒரே சான்றிதழில் இரண்டு முத்திரை, இரண்டு கையெழுத்து இருந்தால் அது கூட்டுப் பட்டம். இரண்டு பல்கலைக்கழகமும் தனித்தனிச் சான்றிதழ் கொடுத்தால் அது இரட்டைப் பட்டம். கோட்யூடெலில் இரண்டு தாள் வருவது சாதாரணம். ஆனால் ஒவ்வொன்றிலும், மற்றப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடந்த ஆய்வு இது என்ற வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வேலையைக் காட்டி இரண்டு பட்டம் வாங்கியதுபோல் ஆகிவிடும். இரண்டு தாள் வந்தாலும் நீங்கள் பெற்றது ஒரு முனைவர் பட்டம்தான். தன்விவரக் குறிப்பில் இரண்டு பிஎச்.டி. என்று எழுதாதீர்கள்.

நான் ஏற்கெனவே எம்.டி. முடித்த டாக்டர். இன்னொரு டாக்டர் பட்டம் எதற்கு?

மருத்துவத்தில் 'டாக்டர்' என்ற சொல் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பொருளில் நிற்கிறது. அமெரிக்காவில் எம்.டி. என்பது மருத்துவராவதற்கான அடிப்படைப் பட்டம். நம் எம்.பி.பி.எஸ். இருக்கும் இடத்தில் அது இருக்கிறது. இந்தியாவில் எம்.டி. மூன்று வருட மேற்படிப்பு, ஒரு துறையில் நிபுணராவதற்கு. பிரிட்டனில் அதே எம்.டி. மருத்துவர்கள் செய்யும் ஓர் ஆராய்ச்சிப் பட்டம். பிரான்ஸில் மருத்துவப் படிப்பின் முடிவில் எல்லோரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும், அதை எழுதினால்தான் தொழில் செய்ய முடியும். ஆனால் அது பிஎச்.டி. இல்லை. ஜெர்மனியில் மாணவர்கள் படிக்கும்போதே ஓர் ஆய்வைத் தொடங்கி 'டாக்டர் மெட்' பட்டம் வாங்கிவிடுவார்கள். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ள அது வேண்டும். இருந்தாலும் ஆய்வுகளுக்கு நிதி தரும் ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் மருத்துவப் பட்டத்தை மட்டும் வைத்து ஒருவரை பிஎச்.டி.க்கு இணையானவராக எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே, ஒரு நோயைப் பற்றி யாருக்கும் விடை தெரியாத கேள்வியை எடுத்து, நான்கு வருடம் அதிலேயே உட்கார்ந்து, சொந்தமாக ஓர் ஆய்வுக் குழுவை நடத்தும் அளவுக்குப் பயிற்சி பெற வேண்டுமானால் பிஎச்.டி. தேவை. கிளினிக்கில் நல்ல மருத்துவராக இருக்க அது தேவையில்லை. இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயர்ப்பலகைக்காக இதில் இறங்கி, இரண்டாவது வருடம் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் இழந்த காலத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

இதை முடித்தால் அந்த நாட்டில் நோயாளிகளைப் பார்க்கலாமா?

முடியாது. பிஎச்.டி. ஆராய்ச்சிப் பட்டம், மருத்துவப் பதிவுக்கான தகுதி அல்ல. எந்த நாட்டில் வைத்தியம் பார்க்க விரும்புகிறீர்களோ, அந்த நாட்டின் உரிமத் தேர்வையும் மொழித் தேர்வையும் தனியாக எழுத வேண்டும். இந்தியாவிலும் அப்படித்தான்; முனைவர் பட்டத்தை வைத்து மருத்துவக் கவுன்சிலில் பதிய முடியாது.

எந்த மாதிரி ஆய்வுக்கு இரண்டு நாடு தேவைப்படும்?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். ஆனால் இதைக் கேட்பவர்கள் குறைவு.

ஓர் உதாரணம். 1956-இல் சென்னையில் காசநோய்க்கு ஒரு சோதனை தொடங்கியது. நோயாளியை சானடோரியத்தில், அதாவது காசநோய் மருத்துவமனையில், படுக்க வைத்து மருந்து கொடுப்பதா, வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட வைப்பதா, எது நல்லது என்பது கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து நடத்தின. வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிடுவதும் அதே அளவு பலன் தருகிறது என்று 1959-இல் முடிவு வந்தது. அதற்குப் பிறகு உலகெங்கும் காசநோய் சிகிச்சையின் போக்கே மாறியது. அந்தச் சோதனையை நடத்திய மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அது பட்டத்துக்காக நடந்த வேலை இல்லை. ஆனால் இரண்டு நாடு சேர ஏன் காரணம் வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நோயாளிகளும் அவர்களுடைய வீடுகளும் இங்கே இருந்தன. சோதனையை வடிவமைத்துப் புள்ளிவிவரம் பார்க்கும் அனுபவம் லண்டனில் இருந்தது. ஒன்று இல்லாமல் மற்றொன்றால் விடை காண முடிந்திருக்காது.

உங்கள் கேள்வியையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். நோய் ஓர் ஊரில், கருவியோ முறையோ இன்னோர் ஊரில் என்றால் கூட்டுப் பட்டத்துக்கு அர்த்தம் இருக்கிறது. எல்லா வேலையும் ஓர் ஆய்வகத்திலேயே முடிந்துவிடும் என்றால், சாதாரண பிஎச்.டி. செய்யுங்கள். காகித வேலை பாதியாகக் குறையும்.

எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவர் சேரலாமா? மருத்துவர் அல்லாதவர்?

மருத்துவர் அல்லாதவர்கள் தாராளமாகச் சேரலாம். மருத்துவப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. மாணவர்களில் உயிரியல், மருந்தியல், செவிலியம், பொதுச் சுகாதாரம் படித்தவர்கள் நிறைய. எம்.பி.பி.எஸ். விஷயத்தில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. ஐரோப்பாவில் முதுநிலைப் பட்டத்துக்கு இணையான தகுதியைக் கேட்பார்கள். ஐந்தரை வருட மருத்துவப் படிப்பை அதற்கு இணையாக எடுத்துக்கொள்வதா என்று சேர்க்கை அலுவலகம் பார்த்து முடிவு செய்யும். இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு பல்கலைக்கழகமும் தனித்தனியாக உங்களைத் தகுதியானவர் என்று ஏற்க வேண்டும். ஒன்று சரி சொல்லிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

எங்கே தேடுவது?

மூன்று வாசல்கள் உண்டு. முதலாவது, ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் மேரி ஸ்க்லடோவ்ஸ்கா கியூரி முனைவர் வலையமைப்புகள், அதாவது பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து பிஎச்.டி. மாணவர்களை எடுத்துப் பயிற்சி தரும் திட்டங்கள். அவற்றில் 'கூட்டு முனைவர்' என்றே ஒரு பிரிவு இருக்கிறது. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. வேலைக்கு எடுக்கும் நாட்டில், முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவும் கூடாது. இந்த இரண்டாவது விதியைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, ஏற்கெனவே அதே நாட்டில் முதுநிலை படித்தவர்கள் விண்ணப்பித்து ஏமாந்து போகிறார்கள்.

இரண்டாவது, நிறுவனங்களுக்கு இடையே நிலையாக இருக்கும் ஏற்பாடுகள். ஐ.ஐ.டி. பம்பாயும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகமும் 2008-இல் தொடங்கிய ஆராய்ச்சிக் கழகம் ஒரு நல்ல உதாரணம். மாணவர் மும்பையில் தொடங்கி, இடையில் மெல்போர்னில் கொஞ்சகாலம் வேலை செய்து, இரு நிறுவனங்களின் பெயரிலும் பட்டம் பெறுகிறார். உயிர் அறிவியலும் உடல்நலமும் அதன் துறைகளில் உண்டு.

மூன்றாவது வாசல், தனி ஒருவருக்காகவே போடப்படும் ஒப்பந்தம். கோட்யூடெல் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. இரண்டு நெறியாளர்கள் ஏற்கெனவே சேர்ந்து கட்டுரை எழுதியவர்களாக இருந்தால் இந்த வாசல் எளிதாகத் திறக்கும்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கூட்டுப் பட்டத்தின் உயிர் இந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பக்கம் இருக்கும். இரண்டு பல்கலைக்கழக அதிகாரிகளும், இரண்டு நெறியாளர்களும், நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். எந்த வருடம் எந்த ஊரில் இருப்பீர்கள், கட்டணத்தை எங்கே கட்டுவீர்கள், சம்பளமோ உதவித்தொகையோ யார் தருவார்கள், மருத்துவக் காப்பீடு யாருடையது, ஆய்வேடு எந்த மொழியில், தேர்வு எந்த ஊரில், தேர்வுக் குழுவில் எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர், தேர்வாளர்களின் பயணச் செலவு யாருடையது, கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வந்தால் யாருக்கு எவ்வளவு — எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நெறியாளர்கள் இருவரும் நல்லவர்கள், பல வருடப் பழக்கம். "வேலையை ஆரம்பி, பேப்பர் பின்னால் வரும்" என்றார்கள். நான் முதல் நாட்டில் பதிவு செய்து ஆய்வைத் தொடங்கிவிட்டேன். இரண்டாவது பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவு ஒரே ஒரு வாக்கியத்தில் தடுக்கி நின்றது. காப்புரிமை பற்றிய வாக்கியம். அது திருத்தப்பட்டு, மீண்டும் முதல் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே அதிகாரி மாறி, புதியவர் முதலிலிருந்து படித்து, எல்லாம் முடிந்து கையெழுத்தாக 14 மாதம். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் முதல் வருடத்துக்குள் ஒப்பந்தம் முடிய வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. எனக்குச் சிறப்பு அனுமதி வாங்க நெறியாளர் மூன்று கடிதம் எழுத வேண்டி வந்தது. ஒவ்வொரு வாரமும் திங்கள் காலையில் மின்னஞ்சலைத் திறக்கும்போது வயிற்றில் பிசைந்த அந்த உணர்வு இன்னும் மறக்கவில்லை.

அதனால் சொல்கிறேன்: சேர்க்கை உறுதியான மறுநாளே ஒப்பந்தத்தின் வரைவைக் கேளுங்கள். இரண்டு பல்கலைக்கழகமும் தங்கள் மாதிரிப் படிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும். யாருடைய படிவம் என்பதை முதல் வாரத்தில் முடிவு செய்துவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்தியப் பல்கலைக்கழகம் ஒரு பக்கம் இருந்தால் என்ன விதி?

2022 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கெனத் தனி ஒழுங்குமுறையை அறிவித்தது. இந்திய நிறுவனம், கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தரம் போடும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டில் குறைந்தது 3.01 பெற்றிருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100-க்குள் இருக்க வேண்டும், அல்லது மேன்மைமிகு நிறுவனம் என்ற தகுதி பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் உலகத் தரவரிசையில் முதல் 1000-க்குள் இருக்க வேண்டும். முனைவர் பட்டத்துக்கு இரண்டு இடத்திலும் நெறியாளர் இருக்க வேண்டும், ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது ஒரு செமஸ்டர் தங்க வேண்டும், ஆய்வேடு ஒன்றே. ஆன்லைன், தொலைதூரப் படிப்புகளுக்கு இது பொருந்தாது. மருத்துவம் போன்ற துறைகளில் அந்தந்தக் கவுன்சிலின் அனுமதி தேவைப்பட்டால் அதையும் வாங்க வேண்டும்.

"வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு பிஎச்.டி., வீட்டிலிருந்தே முடிக்கலாம்" என்று யாராவது விளம்பரம் செய்தால், மேலே உள்ள ஒரு செமஸ்டர் விதியை நினைத்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கட்டிவிட்டு யோசிக்காதீர்கள்.

ரத்த மாதிரிகளையும் நோயாளிகளின் விவரங்களையும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எடுத்துப் போகலாமா?

அனுமதியோடு போகலாம். அந்த அனுமதி வாங்குவதற்குத்தான் காலம் வேண்டும்.

முதலில், இரண்டு ஊரிலும் நெறிமுறைக் குழு, அதாவது எத்திக்ஸ் கமிட்டி, ஒப்புதல் தர வேண்டும். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வில் வெளிநாட்டுக் கூட்டோ வெளிநாட்டுப் பணமோ இருந்தால், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் வழியாகச் சுகாதார அமைச்சகப் பரிசீலனைக் குழுவின் அனுமதியும் வேண்டும். மருந்துச் சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். மாதிரிகளை அனுப்ப இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம் தனியாகத் தேவை. ஐரோப்பாவுக்கு விவரங்கள் போனால் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பெயரை நீக்கி எண் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். அந்த எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் எங்காவது ஒரு பீரோவில் இருக்கும்வரை, சட்டத்தின் கண்ணில் அது பொதுவாகத் தனிநபர் விவரம்தான்.

என்னோடு படித்த ஒரு பெண் அனுப்பிய பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெர்மாகோல் பெட்டி, உள்ளே டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு), அதற்குள் வரிசையாகச் சிறு குப்பிகள், ஒவ்வொன்றிலும் அவள் கையால் எழுதிய எண். வெள்ளிக்கிழமை மாலை விமான நிலையத்துக்குப் போனது. ஒரு படிவத்தில் 'தொற்று அற்றது' என்ற வரி விடுபட்டிருந்ததால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கேயே நின்றுவிட்டது. டிரை ஐஸ் உருகித் தண்ணீராகாது, அப்படியே ஆவியாகிப் போய்விடும். செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்தபோது உள்ளே பனிக்கட்டியின் சுவடே இல்லை, குப்பிகள் அறை வெப்பத்தில் இருந்தன. எட்டு மாத உழைப்பு. அதைவிட அவளை வாட்டியது, ஊசிக்குக் கை நீட்டிய நோயாளிகளின் நினைப்புதான். அவர்கள் கொடுத்தது வீணாகிவிட்டதே என்று அழுதாள்.

அதற்குப் பிறகு எங்கள் ஆய்வகத்தில் திங்களிலோ செவ்வாயிலோ மட்டும்தான் அனுப்புவோம். ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை இங்கேயே ஃப்ரீசரில் வைத்துக்கொள்வோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

இரண்டு நெறியாளர்களும் ஆளுக்கொன்று சொன்னால்?

சொல்வார்கள். ஒருவர் இன்னும் நூறு நோயாளிகளைச் சேர் என்பார், மற்றவர் இருப்பதை வைத்துக் கட்டுரை எழுது என்பார். இருவரையும் தனித்தனியாகச் சமாதானப்படுத்த முயலாதீர்கள், அதில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். மாதம் ஒருமுறை மூவரும் சேர்ந்து பேசுங்கள். பேசி முடித்ததும் என்ன முடிவானது என்று ஐந்து வரியில் எழுதி இருவருக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள்.

எத்தனை வருடம் ஆகும்?

பிரான்ஸில் முழுநேர ஆய்வுக்கு 3 வருடம் என்பது பொது அளவு. சுவீடனில் 4 வருட முழுநேர வேலைக்கு இணையானது. மருத்துவமனை வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு இன்னும் நீளும். கூட்டுப் பட்டத்தில் விசா, பதிவு, இடமாற்றம் எல்லாம் சேர்வதால் உங்கள் கணக்கில் ஆறு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

செலவு?

கோட்யூடெலில் கட்டணத்தை வழக்கமாக ஒரு பல்கலைக்கழகத்தில் மட்டும் கட்டினால் போதும். சுவீடனில் முனைவர் மாணவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். கியூரி வலையமைப்புகளிலும் வேலை ஒப்பந்தம்தான், குடும்பம் இருந்தால் அதற்கும் படி உண்டு. பலரும் கணக்கில் சேர்க்க மறப்பது இடமாற்றச் செலவு: இரண்டு ஊரில் வாடகை முன்பணம், இரண்டு விசா, இடையில் ஊருக்கு வந்து போகும் விமானக் கட்டணம். உதவித்தொகை முதல் மாதமே கையில் வராது என்று வைத்துக்கொண்டு மூன்று மாதச் செலவைக் கையில் வைத்திருங்கள்.

கடைசித் தேர்வு எப்படி இருக்கும்?

நாட்டுக்கு நாடு மாறும், அதுவே அழகு. சுவீடனில் தேர்வுக்குச் சுமார் மூன்று வாரம் முன்பே ஆய்வேட்டைப் பொதுவில் வைத்துவிட வேண்டும். அதன் ஒரு படியைப் பலகையில் ஆணி அடித்து மாட்டும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்புறம் 'எதிர்வாதி' என்று ஒருவர், வெளியிலிருந்து வந்த நிபுணர், எல்லோர் முன்னிலையிலும் உங்களைக் கேள்வி கேட்பார். நெதர்லாந்தில் உங்களுக்குப் பின்னால் நண்பர்கள் இருவர் துணையாக நிற்பார்கள். அங்கி அணிந்த பேராசிரியர்கள் வரிசையாகக் கேட்பார்கள். பெரும்பாலான இடங்களில் 45 நிமிடம். நேரம் முடிந்ததும் கோல் ஏந்திய பணியாளர் உள்ளே வந்து, கோலைத் தரையில் தட்டி, 'ஹோரா எஸ்ட்' என்பார். லத்தீனில் நேரம் ஆயிற்று என்று பொருள். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடலாம். பிரான்ஸில் 2023 முதல், தேறியவர் எழுந்து நின்று ஆராய்ச்சி நேர்மைக்கான உறுதிமொழி எடுக்கிறார்.

கூட்டுப் பட்டத்தில் எந்த ஊரில் தேர்வோ அந்த ஊர் வழக்கம்தான். இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு அதன் விதிப்படி ஏதாவது கூடுதலாக வேண்டுமா என்று ஆறு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். பிரெஞ்சுப் பக்கம் இருந்தால், ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தாலும் பிரெஞ்சில் ஒரு சுருக்கம் கேட்பார்கள்.

பட்டம் இந்தியாவில் செல்லுமா?

இந்தியப் பல்கலைக்கழகம் ஒரு பக்கம் இருந்து, 2022 ஒழுங்குமுறைப்படி நடந்திருந்தால் கவலை இல்லை. இரண்டும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், கற்பிக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இணைத்தகுதிச் சான்று, அதாவது இந்தியப் பட்டத்துக்கு இது இணையானது என்ற சான்று, கேட்கப்படலாம். 2025 ஏப்ரலில் மானியக் குழு இதற்குப் புதிய விதிகளை அறிவித்திருக்கிறது. ஆனால் மருத்துவம், செவிலியம், மருந்தியல் போன்ற, கவுன்சில்களின் கீழ் வரும் படிப்புகளை அவை தொடுவதில்லை. ஆகவே நீங்கள் சேர விரும்பும் கல்லூரியிடமே எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். ஒப்பந்தத்தின் கையெழுத்திட்ட படியும் உங்களிடம் இருக்கட்டும். பட்டம் வாங்கி ஆறு வருடம் கழித்து, ஒரு நேர்காணலில் என்னிடம் அதைத்தான் கேட்டார்கள்.

முதல் மின்னஞ்சலை யாருக்கு அனுப்புவது, என்ன எழுதுவது?

சேர்க்கை அலுவலகத்துக்கு அல்ல, நெறியாளருக்கு. அதிலும், உங்கள் ஊரில் உங்களைத் தெரிந்த நெறியாளர் முதலில் சம்மதிக்கட்டும். பிறகு அவரையும் சேர்த்து மற்றவருக்கு எழுதுங்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் விடுபட்ட ஒரு கேள்வியைக் குறிப்பிட்டு, அதற்கு விடை தேட உங்கள் மருத்துவமனையில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், எந்த மாதிரிகள் சேமிப்பில் இருக்கின்றன, எந்த மொழியில் அவர்களோடு பேச முடியும். உங்களால் மட்டுமே கொண்டுவர முடிந்தது அதுதான். இரண்டு பத்தி போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். எனக்கு நான்காவது பேராசிரியர்தான் பதில் எழுதினார்.